வேக்குவம் பையில் அடைத்தால் இறைச்சி கெடாதா?

"காற்றை உறிஞ்சி அடைத்த பையில் கிருமி வாழாது, சூ வீட் முறையில் சமைத்த கோழியைப் பையோடு மேசையிலேயே வைத்திருக்கலாம்" என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (சூ வீட் என்பது உணவைப் பையில் அடைத்து, கொதிக்காத வெந்நீரில் நெடுநேரம் வைத்துச் சமைப்பது.) தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

காற்று இல்லாவிட்டால் பூஞ்சையும் சில பாக்டீரியாக்களும் அடங்கும், சரி. ஆனால் சால்மோனெல்லா என்ற கிருமிக்குக் காற்று இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற, கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கோ காற்றில்லாத இடம்தான் சொந்த வீடு. சூ வீட் தண்ணீர் பெரும்பாலும் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ்தான். பொட்டுலினத்தின் வித்துகளை, அதாவது சூட்டைத் தாங்கி உறங்கும் அதன் வடிவத்தை, ஒழிக்க 121 டிகிரி வேண்டும். அது பிரஷர் குக்கர் சூடு. ஆகவே பை வெளியே கிடந்தால் தப்பிய வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். முகர்ந்து பார்த்தால் தெரியும் என்றும் நம்ப முடியாது.

அதற்காகக் குறைந்த சூடே கூடாது என்று மறுபக்கம் பாய வேண்டாம். 74 டிகிரியை எட்டிய நொடியில் சால்மோனெல்லா செத்து, கோழி உடனே சாப்பிடப் பாதுகாப்பாகிவிடும். 60 டிகிரியிலும் ஆகும், துண்டின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால். தடித்த துண்டு என்றால் நடுவே சூடேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

சமைத்ததும் சாப்பிட்டுவிடுங்கள். எடுத்து வைப்பதானால் பையை ஐஸ் தண்ணீரில் முக்கி நன்றாகக் குளிரவிட்டு, அப்புறம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.