ஒரு பட்டன்தானே!

எங்கள் இசைக்குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். பாட்டு தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பாடகர் திரும்பி, "சுருதியை அரைக் கட்டை ஏத்திக்கலாமா?" என்பார். நான் வாய் திறப்பதற்குள் டிரம்மர் பதில் சொல்லிவிடுவார்: "உனக்கென்ன, ஒரு பட்டன்தானே!"

கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் அந்த டிரான்ஸ்போஸ் பட்டனைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. அதை அழுத்தினால் விரல் சி என்ற சுரத்தில் இருக்கும், காதில் சி ஷார்ப் கேட்கும். பேஸ் வாசிப்பவர் "அடுத்தது எஃப் ஷார்ப்" என்று கத்தினால், மனதுக்குள் அரைக் கட்டை கழித்து எஃப்-ஐப் பிடிக்க வேண்டும். அதற்குள் அந்த கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரக்கூட்டு, போய்விடும்.

ஜாஸ் பியானோ பழகுவதே இதிலிருந்து விடுபடத்தான். ஜாஸில் அடிக்கடி வரும் மூன்று கார்டு வரிசையான டூ ஃபைவ் ஒன்னை சி மேஜரில் தூக்கத்தில்கூட வாசிப்பேன். இடது கையில் டி மைனர் செவன்த் என்ற முதல் கார்டுக்கு எஃப், ஏ, சி, ஈ. அதில் சி மட்டும் பி-க்கு இறங்கினால் போதும், அடுத்த கார்டான ஜி செவன்த் வந்துவிடும். கார்டின் ஆதார சுரமான ரூட்டை பேஸ் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு அழகான நகர்வு! அதையே அரைக் கட்டை தள்ளினால் விரல்கள் கறுப்புக் கட்டைகளுக்கு ஏறி, கையின் வடிவமே மாறிவிடுகிறது. 12 சுருதியிலும் இது கையில் உட்கார வருடக்கணக்காகும்.

வேலை முடிந்து வந்து, இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழக அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. சரி, ஒத்திகையில் சொல்ல முடியவில்லை, முதல் நாள் இரவாவது சொல்லக் கூடாதா? அந்த அரை மணியை அப்படியே அந்தப் பாட்டுக்குக் கொடுத்திருப்பேனே.