கமலா ஹாரிஸ் அன்று பைடனிடம் சொன்னது என்ன?

2019இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வுக்கான விவாத மேடையில் பைடனை இனவெறியர் என்று சொன்ன கமலா ஹாரிஸ், அடுத்த வருடமே அவருடைய துணை அதிபர் வேட்பாளராக நின்றார் என்று இங்கே பலர் எழுதியிருக்கிறார்கள். வேட்பாளராக நின்றது சரி. இனவெறியர் என்று அவர் சொல்லவில்லை.

2019 ஜூன் 27, மயாமி. பைடனைப் பார்த்து ஹாரிஸ் பேச ஆரம்பித்ததே "நீங்கள் இனவெறியர் என்று நான் நம்பவில்லை" என்றுதான். அடி அப்புறம்தான் விழுந்தது. இனப் பிரிவினையை ஆதரித்த ஈஸ்ட்லண்ட், டால்மட்ஜ் என்ற பழைய செனட்டர்களோடு சேர்ந்து வேலை பார்த்ததைப் பற்றி பைடன் அந்த மாதம்தான் நல்லவிதமாகப் பேசியிருந்தார். அது புண்படுத்தியது என்றார் ஹாரிஸ். பிள்ளைகளை இன வேறுபாடின்றி ஒரே பள்ளியில் சேர்க்கப் பேருந்தில் அனுப்பும் திட்டத்தை 1970களில் பைடன் எதிர்த்ததையும் இழுத்தார். அப்படிப் பேருந்தில் போன கலிபோர்னியாச் சிறுமி நான்தான் என்றார்.

கடுமையான தாக்குதல்தான். அந்த முதல் வாக்கியம் வெறும் தற்காப்பு என்றுகூட ஒருவர் வாதாடலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாதில்லையா?

சரிபார்ப்பது சுலபம். என்பிசி தொலைக்காட்சி நடத்திய அந்த விவாதத்தின் இரண்டாம் இரவு வீடியோவைப் பாருங்கள். துண்டு வீடியோ வேண்டாம், முதல் வரி வெட்டுப்பட்டிருக்கலாம். முழு உரையாடலும் எழுத்தில் கிடைக்கிறது. அதில் 'ரேசிஸ்ட்' என்று தேடினால் ஹாரிஸின் அந்த வரியும், "நான் இனவெறியர்களைப் புகழவில்லை" என்ற பைடனின் பதிலும் வரும்.