டயர் தடத்துக்கு ஃபிளாஷ் போதாது

கொள்ளிடக் கரையில் மணல் லாரியின் டயர் தடத்தை, நின்றபடி போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தாலே சாட்சியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். நேராக அடிக்கும் ஃபிளாஷ் மேடுபள்ளத்தையே மறைத்துவிடும். டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்தால்தான் டயர் பட்டன் (டயரின் மேடுபள்ள வடிவம்) தெரியும். ஒரு பக்கம் மட்டும் போதாது, நாலு பக்கமும் மாற்றி எடுக்க வேண்டும். கேமரா ஸ்டாண்டில், லென்ஸ் தடத்துக்கு நேர் மேலே. அளவுகோல் தடத்தின் அடிமட்டம் இருக்கும் அதே ஆழத்தில் இருக்கட்டும். விளிம்பில் வைத்தால் அளவு தப்பும். இடம் அடையாளம் தெரிய, தூரத்திலிருந்தும் படம் வேண்டும்.

அசல் ஃபைலை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் போனால் படம் சுருங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, இப்படிப்பட்ட டிஜிட்டல் படத்துக்கு ஹேஷ் மதிப்போடு (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) சான்றிதழும் கேட்கிறது.