பாலைவனத்தின் மேல் பழி போடாதீர்கள்

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான NHL-இல் ஆடிய அரிசோனா கயோட்டீஸ் அணி 2024-இல் யூட்டா மாநிலத்துக்குப் போனதற்கு, பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி எடுபடாததுதான் காரணம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படியானால் லாஸ் வேகாஸ் என்ன பனிப் பிரதேசமா? 2017-இல் அங்கே தொடங்கிய அணி முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்கு வந்தது. 2023-இல் லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையையே தூக்கியது.

அரிசோனாவில் கோளாறு அரங்கத்தில்தான். அணியின் கடைசி இரண்டு சீசன்களும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் குட்டி அரங்கில் ஓடின. சுமார் 5,000 பேர்தான் உட்காரலாம். 2023 மே மாதம் அரிசோனாவின் டெம்பி நகர மக்கள் புது அரங்கத் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அதோடு கதை முடிந்தது. அணி போய்ச் சேர்ந்த யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? கூடைப்பந்துக்குக் கட்டிய அரங்கம் அது. முதல் சீசனில் சில இருக்கைகளில் இருந்து பார்த்தால் ஒரு பக்கத்து கோல் சரியாகவே தெரியாது!

எனக்கு வருத்தம் கனடாவின் கியூபெக் நகரத்தை நினைத்துத்தான். 1995-இல் அணியைக் கொலராடோவுக்குப் பறிகொடுத்தார்கள். அடுத்த வருடமே அதே அணி கோப்பையை வென்றது. அப்புறம் 2015-இல் புது அரங்கம் கட்டித் திறந்தும் வைத்தார்கள். சுமார் 18,000 இருக்கைகள். NHL அணிதான் இன்னும் வந்தபாடில்லை.