லோனில் போன காலம் வீண் அல்ல

இளம் கால்பந்து வீரர்களைக் கீழ்நிலை அணிகளுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆடிவிட்டுத் திரும்பும் ஏற்பாட்டில், அனுப்புவது அவர்களைக் கைகழுவுவதற்குச் சமம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னாளில் இங்கிலாந்து அணியின் தலைவரான ஹாரி கேன், அப்போது அவர் இருந்த டோட்டன்ஹாம் அணியிலிருந்து 2011 ஜனவரியில், 17 வயதில், இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த லெய்டன் ஓரியண்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கே 5 கோல்கள் அடித்தார். அவரை உருவாக்கியது அடுத்த ஆண்டு இரண்டாம் அடுக்கு அணியான மில்வாலில் லோனில் கழித்த அரைப் பருவம்தான் என்பது என் உறுதியான கருத்து. கீழ் அடுக்குக்குத் தள்ளப்படும் தரமிறக்கத்துக்கு அஞ்சிக்கொண்டிருந்த ஓர் அணியில், ஒரு கோல் தவறினால் கூட இருப்பவர்களின் பிழைப்பே ஆட்டம் காணும் என்ற நெருக்கடியில், முரட்டுத் தடுப்பாட்டக்காரர்களின் தோளிடிகளைத் தாங்கியபடி லீக்கில் மட்டும் 7 கோல்கள் அடித்தார். இந்தப் பாடத்தை எந்த அகாடமி மைதானமும் கற்றுத்தராது. அடுத்து லோனில் போன நார்விச் அணியில் பாத எலும்பு முறிந்து அந்தப் பருவம் பாழானது. பின்னர் லோனில் போன லெஸ்டர் அணியில் பெரும்பாலும் மாற்று வீரர்கள் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். 2013இல் வாட்ஃபோர்டு அணிக்கு எதிரான, மேலடுக்குக்கு உயர்வதற்கான பிளே-ஆஃப் அரையிறுதியிலும் அதே நிலைதான். ஆடும் வாய்ப்பை உறுதிசெய்யாமல் அனுப்பும் வழக்கத்தைக் கட்டுரையாளர் கண்டித்திருந்தால், இந்த லெஸ்டர் காலத்தையே சான்றாகக் காட்டியிருக்கலாம், நானும் முழுமனதோடு உடன்பட்டிருப்பேன்.