பம்ப் மெதுவாக ஓடினால் கம்ப்யூட்டர் அதிகம் குளிருமா?

"வேலூர் வெயிலுக்கு வாட்டர் கூலிங் பம்பின் வேகத்தைக் குறையுங்கள், தண்ணீர் ரேடியேட்டரில் அதிக நேரம் நின்று நன்றாகக் குளிரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வாட்டர் கூலிங் ஒரு மூடிய சுற்று: பம்ப் தள்ளும் தண்ணீர் ப்ராசஸரின் (கம்ப்யூட்டரின் முக்கிய சிப்) சூட்டை வாங்கி, ஃபேன் காற்று படும் ரேடியேட்டரில் ஆறி, திரும்பவும் ப்ராசஸருக்கே வரும். ரேடியேட்டரில் அதிக நேரம் நிற்கும் அதே தண்ணீர் ப்ராசஸர் மேலும் அதிக நேரம் நின்று சூடாகும். தண்ணீர் ஓட்டம் ரொம்பக் குறைந்தால் ப்ராசஸரின் சூடுதான் ஏறும். பம்பைச் சீரான வேகத்தில் விடுங்கள். ஏற்றி இறக்க வேண்டியது ஃபேனை. அதுவும் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து. ப்ராசஸர் சூடு நொடிக்கு நொடி குதிக்கும், தண்ணீர் நிதானமாக ஏறும். மே மாதம் அறையே 40 டிகிரி என்றால், எந்த ஃபேனாலும் தண்ணீரை அதற்குக் கீழே இறக்க முடியாது.

அப்புறம், பம்பின் ஒயர்களில் ஒன்று சுழலும் வேகத்தைச் சொல்லும். அதைச் சரியாக மாட்டியிருந்தும் பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) வேகத்தை 0 என்று காட்டினால், உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பம்பைப் பாருங்கள்.