அத்தையின் கிணறு அந்த அறிக்கையில் இல்லை

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரிக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். கல்யாண மண்டபம், மேடையில் அதிகாரிகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலி. குவாரியால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிட்ட அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து வாசலில் கொடுத்தார்கள், மொத்தம் பதினான்கு பக்கம். அத்தை அதை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். எட்டாவது வரைதான் படித்தவர். மைக் அவர் கைக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என் கிணறு இந்தத் தாள்ல எங்கய்யா இருக்கு?"

குவாரிக்கும் அத்தையின் கிணற்றுக்கும் இடையில் இரண்டு வயல்தான். அந்தக் கிணற்றை நம்பித்தான் அவர் கத்தரியும் மிளகாயும் போடுகிறார். பதினான்கு பக்கத்திலும் கிணறு என்ற பேச்சே இல்லை. அப்புறம் ஊராட்சி அலுவலகத்தில் முழு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நானூறு பக்கத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலம். நடுவில் ஒரு அட்டவணையில் ஒரு வரி இருந்தது: சுற்றுவட்டாரத்தில் பயன்பாட்டில் உள்ள கிணறு எதுவும் இல்லை. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அத்தையின் கேள்வி இப்படி ஏறியிருந்தது: "ஒருவர் நீராதாரம் குறித்து வினவினார். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் எனப் பதிலளிக்கப்பட்டது." அவ்வளவுதான். இரண்டு வயல் தள்ளி இருக்கும் கிணறு 'நீராதாரம்' ஆகிவிட்டது. அதற்குச் சொந்தக்காரி 'ஒருவர்' ஆகிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அரசுக் கொள்கையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் பணக்காரர்கள், கட்சிக்காரர்கள் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அதில் உண்மை இருக்கிறதுதான். ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. வரைவு எந்த மொழியில் எழுதப்படுகிறது? யார் கைக்கு முதலில் போகிறது? படித்துப் பார்க்க எத்தனை நாள் கிடைக்கிறது? முடிவின் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பதுதான் என் எண்ணம்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடே ஊரடங்குக்குள் போன அதே மார்ச் மாதம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான, அதாவது எங்கள் ஊரில் கொடுத்தது போன்ற அறிக்கைகளுக்கும் கூட்டங்களுக்குமான, புதிய வரைவு அறிவிக்கையை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. 2006-இன் விதிகளை அடியோடு மாற்றும் வரைவு அது. கருத்துக் கேட்புக்கான அறிவிப்புக் காலம் 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறையும். அனுமதி வாங்காமல் வேலையை ஆரம்பித்தவர்கள் பிறகு அபராதம் கட்டி அதை முறைப்படுத்திக்கொள்ளலாம். இதற்குக் கருத்து சொல்லச் சொன்னார்கள், ஆனால் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வந்தது. கடலூர் மீனவரும் ஒடிசா பழங்குடியும் எதைப் படித்துக் கருத்து சொல்வார்கள்?

ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 ஜூன் 30 அன்று நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் மொழிபெயர்த்துப் போடச் சொன்னது. கருத்து சொல்லும் காலக்கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. அரசு அதை ஏற்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆட்சிமொழிச் சட்டப்படி இந்தி, ஆங்கிலம் போதும் என்பது அதன் வாதம். இது எனக்கு இன்றும் வலிக்கிறது. விதி எங்களுக்கு, பாதிப்பு எங்களுக்கு, அதைப் படிக்கும் மொழி மட்டும் எங்களுடையது இல்லையா?

லட்சக்கணக்கானவர்கள் கருத்து அனுப்பினார்கள். அந்த வரைவு அப்படியே இறுதி அறிவிக்கையாக வரவில்லை. அப்போது நானும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்தடுத்து வந்தவை அலுவலகக் குறிப்பாணைகள். முன் அனுமதி இல்லாமல் நடக்கும் திட்டங்களை எப்படிக் கையாள்வது என்று 2021 ஜூலை 7 அன்று ஒரு குறிப்பாணை வந்தது. ஒரு வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. 2022 ஜனவரியில் இன்னொன்று: அனுமதியை எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்பதை வைத்து மாநில அளவில் இந்த அனுமதியைக் கொடுக்கும் மதிப்பீட்டு ஆணையங்களுக்கு நட்சத்திர மதிப்பெண். நிதானமாக யோசித்து, நேரில் போய்ப் பார்த்து, கிணறு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடும் ஆணையம் இந்தக் கணக்கில் பின்தங்கிவிடும். குறிப்பாணை என்பது பெரும்பாலும் மூன்று நான்கு பக்கத் தாள். நாடாளுமன்றத்தில் விவாதம் கிடையாது, பத்திரிகையில் பெரிய செய்தி கிடையாது. ஆனால் அத்தையின் வயலுக்கு நடப்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பது யார் தெரியுமா? திட்டத்தைக் கொண்டுவருபவரே. அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, சரி. ஆனால் கூலி கொடுப்பவர் விரும்பாத கிணற்றை எத்தனை பேர் அட்டவணையில் எழுதுவார்கள்?

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் மேலூரை மறக்க முடியாது. 2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்கள் சிலவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உண்டு. அன்றைக்கு நம் ஊர்களில் இதை யாரும் பேசவில்லை, நானும்தான். 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தின் முடிவு வந்தபோதுதான் தெரிந்தது: இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல், அதற்குள் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் நிலமும் அடக்கம். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்த்தது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனங்கள் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. அந்தப் பெண்கள் கால் வலிக்க நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேன். கொள்கையை மக்களும் மாற்றுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் சட்டம் வந்தபோதே அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அத்தனை தூரம் நடந்திருக்க வேண்டியதில்லை. எல்லா ஊரும் மேலூர் இல்லை. எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை வேற்றூரிலிருந்து லோடு ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள்.

ஒன்றிய அரசு 2014-இல் தானே ஒரு நெறிமுறை வகுத்தது. எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் இணையத்தில் போட வேண்டும். அது சட்டம் இல்லை என்பதால் மீறினால் கேட்பாரில்லை. அதைச் சட்டமாக்க வேண்டும். மாநில மொழிகளில் முழு வரைவு வர வேண்டும், சுருக்கம் போதாது. குறிப்பாணைகளுக்கும் இது பொருந்த வேண்டும். சொன்ன கருத்தை ஏற்றார்களா, ஏற்கவில்லையென்றால் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இதை நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்கத்தான் இந்தப் பதிவு.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்தில் கருத்துக் கேட்பு என்று பேப்பரில் விளம்பரம் வந்தால் கூட்ட நாள்வரை காத்திருக்காதீர்கள். முழு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் வைத்திருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். முதலில் கிணறு, குளம், வீடு கணக்கிருக்கும் அட்டவணையைத் தேடுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், தமிழில் எழுதித் தருகிறேன். அத்தையும் இப்போது பக்கத்து ஊர்ப் பெண்களோடு போய்க் கிணறுகளை எண்ணி, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று வரை முப்பத்தொன்று ஆகியிருக்கிறது.